வாய்மூடிய வலவரும் வசைபெற்ற மொழியும்

ஓரினத்தாரைத் தாழ்த்த விழைவோர் முதற்கண் அவ்வினத்தாரின் மொழியைத்தான் குறைகூறுவர். “உம்முடைய மொழியில் அறிவியல் இயலாது” என்பர். அது பொய்யென்று மெய்ப்பிக்கப்பட்டதும், “உம்முடைய மொழியில் ஆட்சி நடவாது” என்பர். அதுவும் பொய்த்த பின்னர், “உம்முடைய மொழி பணிவு மிக்கது; பணிவு மிக்க மொழியில் மேலோரிடம் உண்மை பேசுதல் இயலாது; ஆகலின் உண்மை பேச வேண்டுமாயின் எம்முடைய மொழிக்கு வருக” என்பர். இம்மூன்றாம் வகைப் பழியே இப்பொழுது பெருவழக்கு. ஆசிய மாணவர்க்குக் கற்பிக்கும் மேலை ஆசிரியர்க்கும், ஆசியப் பணியாளரைப் பழக்கும் மேலைப் பயிற்றுநர்க்கும் எழுதப்படும் கையேடுகளில் அது நயமான சொற்களாற் பொதியப்பட்டு வருகின்றது. ஆசியர் வினாத் தொடுக்கார், மேலோரை மறுத்துரையார், மனப்பாடம் செய்வரேயன்றி எண்ணிப் பாரார் — இவையே அக்கையேடுகளின் உள்ளீடு. பண்பாட்டை மதித்துக் கற்பித்தல் என்பது அவற்றின் மேற்பூச்சு.

கற்பாரின் பண்பாட்டை அறிந்து கற்பிக்க வேண்டும் என்பதில் எவர்க்கும் மறுப்பிருக்கவியலாது. தாய்மொழிவழிக் கல்விக்காக நெடுநாட் போராடியவர்கள் அதனை மேலையார் வாயிலாகக் கேட்டறிய வேண்டிய நிலையிலும் இல்லை. ஆனால் அறிந்து கற்பித்தல் வேறு. அறிந்தது போற் காட்டி ஓரினத்தின்மேல் முத்திரை குத்துதல் வேறு. இவ்விரண்டும் ஒரே நிகழ்ச்சியில், ஒன்றன் தோளில் ஒன்று கைபோட்டுக்கொண்டு வந்ததைக் காண வேண்டுமாயின், கொரிய நாட்டு வானூர்தி வலவர்களின் வரலாற்றைப் பார்த்தல் வேண்டும்.

1997ஆம் ஆண்டு ஆகசுட்டு 6ஆம் நாள், நள்ளிரவு கடந்த வேளையில், சியோல் நகரத்திலிருந்து புறப்பட்ட கொரியன் ஏர் நிறுவனத்தின் 801ஆம் எண் வானூர்தி, அமைதிமாக்கடலில் அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட குவாம் தீவில் இறங்க முற்பட்டது. மழை பெய்துகொண்டிருந்தது. ஓடுதளத்திற்கு ஏறத்தாழ மூன்று கல் தொலைவிலேயே நிமிட்சுக் குன்றில் மோதிச் சிதறியது. உள்ளிருந்த 254 பேரில் 228 பேர் மாண்டனர். 1999ஆம் ஆண்டு ஏப்பிரலில் அதே நிறுவனத்தின் சரக்கு வானூர்தி ஒன்று சீனத்துச் சாங்காய் நகரில் வீழ்ந்து எண்மரைக் கொன்றது. அவ்வாண்டே திசம்பர் 22ஆம் நாள் இன்னொரு சரக்கு வானூர்தி இங்கிலாந்தின் இசுடான்சுடெடு நிலையத்திலிருந்து எழும்பி ஒரு மணித்துளி ஆகுமுன்னரே தரையில் மோதி நால்வரை எரித்தது. உலகம் கொரிய வலவர்களை ஐயத்துடன் நோக்கலாயிற்று. அமெரிக்கத் தெல்டா நிறுவனம் அந்நிறுவனத்துடன் கொண்டிருந்த உறவை நிறுத்தி வைத்தது.

பிணங்கள் எண்ணப்பட்டன, அடுத்துக் கரணியம் தேடப்பட்டது. துணைவலவர்கள் தலைமை வலவரை மறுத்துப் பேச அஞ்சினர் என்று கூறப்பட்டது. ஏன் அஞ்சினர் என்னும் கேள்விக்குக் கன்பூசியசு நெறியில் ஊறிய பண்பாடும், ஆறு படிகளாகப் பிரிந்து கிடக்கும் கொரிய மொழியின் மதிப்புரைகளுமே விடையாக வைக்கப்பட்டன. 2000ஆம் ஆண்டில் தெல்டாவிலிருந்து அமெரிக்கர் ஒருவர் வலவர் பிரிவிற்குப் பொறுப்பாளராக அமர்த்தப்பட்டார். ஆங்கிலத் தேர்ச்சி வலவர்க்கெல்லாம் கட்டாயமாக்கப்பட்டது. 2008ஆம் ஆண்டில் மால்கம் கிளாடுவெல் என்னும் எழுத்தாளர் தம் பெயர்பெற்ற பொத்தகத்தில் வானூர்தி நேர்ச்சிகளுக்கு ‘இனக் கோட்பாடு’ ஒன்றையே வகுத்து ஒரு படலம் எழுதினார். கொரியர்கள் கொரியத்தை விடுத்து ஆங்கிலத்திற்கு வந்ததனாலேயே தம் பண்பாட்டுச் சுமையிலிருந்து விடுபட்டனர் என்பது அப்படலத்தின் சாறு. இலக்கக்கணக்கானோர் அதனைப் படித்தனர். மேலாண்மை வகுப்புகளில் அது பாடமாயிற்று. ஆசியர்க்குப் பயிற்சியளிக்கச் செல்வோர் தம் பைகளில் அதனை எடுத்துச் சென்றனர்.

அது எவ்வளவு உண்மை?

குவாம் நேர்ச்சியைப் பற்றி அமெரிக்க நாட்டுப் போக்குவரத்துக் காப்பு வாரியமே 2000ஆம் ஆண்டு சனவரியில் அறிக்கை தந்தது. தலைமை வலவர் இறங்குமுறையைச் சரிவர விளக்கிச் செயற்படுத்தவில்லை என்பதும், துணைவலவரும் பொறியாளரும் அவரைச் சரிபார்க்கத் தவறினர் என்பதும் அதிற் கூறப்பட்டுள்ளன. இவை உண்மைக் குற்றங்கள், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவ்வறிக்கை அவ்வளவில் நிற்கவில்லை. தலைமை வலவர் களைத்திருந்தார். நிறுவனம் அளித்த பயிற்சி போதாமையுடையது. வானூர்தியைச் சாய்தடத்தில் வழிநடத்திக் கீழிறக்கும் கருவி அன்றிரவு குவாமில் இயங்கவில்லை; அது இயங்குகின்றதா இல்லையா என்னும் குழப்பமே வலவர் அறையில் நிலவியது. தொலைவு காட்டும் கலங்கரைக் கருவி பிற நிலையங்களிற் போல ஓடுதளத்தை ஒட்டி இல்லாமல், 3.3 கடற்கல் தொலைவில் அக்குன்றின்மேலேயே அமைந்திருந்தது. வலவர்கள் பழகியதோ கிம்போ நிலையத்து இறங்குமுறையை. அங்குத் தொலைவுக் கருவி ஓடுதளத்தின் அருகிலேயே உளது. ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பப் பழக்கிவிட்டு, வேறொரு பாடத்தில் தேர்வு வைத்தது போன்ற கொடுமை இது.

இதனினும் பெரிதொன்று உளது. ஏதேனும் ஒரு வானூர்தி அளவுக்கு மீறித் தாழ்ந்தால் தரையிலுள்ள கட்டுப்பாட்டாளரை எச்சரிக்கும் அமைப்பு ஒன்று குவாமில் இருந்தது. அது வேண்டாத எச்சரிக்கைகளை மிகுதியாக எழுப்புகின்றது என்று கூறி, அமெரிக்க வான்போக்குவரத்து ஆட்சியரே அதனை வேண்டுமென்றே முடக்கி வைத்திருந்தனர். இதுவும் நேர்ச்சிக்குத் துணைநின்ற கரணியம் என்று அமெரிக்க வாரியமே எழுதிற்று. அன்றிரவு வாய்மூடிக் கிடந்தோர் பட்டியலில் அமெரிக்கப் பொறியொன்றும் உண்டு. அதன் வாயை மூடியது கன்பூசியசு அல்லர்.

வலவர் அறையில் இருந்த மூவரின் அகவையும் ஈண்டு எண்ணத்தக்கது. தலைமை வலவர்க்கு 42, துணைவலவர்க்கு 40, பொறியாளர்க்கு 57. கொரியர் அகவைக்குத் தரும் மதிப்பை அறியாதார் இலர். அப்பண்பாடே அனைத்தையும் ஆண்டது என்றால், அவ்வறையில் மூத்தவர் பொறியாளரேயன்றித் தலைமை வலவர் அல்லர். இனக் கோட்பாட்டார் இதற்கு விடை கூறுவதில்லை. மேலும், மோதுவதற்குச் சில நொடிகளுக்கு முன்னர், இறங்குதலைக் கைவிடுவோம் என்று துணைவலவர் சொன்னதும், ஓடுதளம் கண்ணிற் படவில்லை என்று பொறியாளர் சொன்னதும் ஒலிப்பதிவில் உள. காலம் கடந்து பேசினர் என்பது உண்மை. பேச மொழியில்லாமற் போயினர் என்பது உண்மையன்று.

சாங்காய் நேர்ச்சியோ இக்கோட்பாட்டைத் தலைகீழாகப் புரட்டுகின்றது. சீனக் கட்டுப்பாட்டாளர் 1,500 மீட்டர் உயரத்திற்கு ஏறுமாறு கூறினார். அதனை 1,500 அடி என்று துணைவலவர் பிழைபட உரைத்தார். தலைமை வலவர் அவருரையை ஏற்றுக்கொண்டு, தாம் மிக உயரத்தில் இருப்பதாகக் கருதி மூக்கைத் தாழ்த்தினார், வானூர்தி வீழ்ந்தது. இங்கே கீழோர் வாய் திறந்தார். மேலோர் செவி கொடுத்தார். பிழை அளவையில் நேர்ந்தது. பணிவினால் வந்த கேடு என்று இதனை எவர் கூறவியலும்?

இசுடான்சுடெடு நேர்ச்சியில்தான் உண்மையான ஊமைத்தனம் தென்படுகின்றது. அதனை ஒளியாமற் கூறவேண்டும். தலைமை வலவரின் சாய்வுகாட்டி பழுதுற்றிருந்தது; துணைவலவர் முன்னிருந்ததும் நடுவிலிருந்த மாற்றுக் கருவியும் செம்மையாகவே இயங்கின. இருளில் எழும்பிய வானூர்தி இடப்பக்கம் சாய்ந்துகொண்டே போயிற்று. எச்சரிக்கை ஒலி ஒலித்தது. பொறியாளர் சாய்வைச் சுட்டிக் குரல் எழுப்பினார். துணைவலவர் ஒன்றும் பேசவில்லை. கட்டுப்பாட்டைக் கைப்பற்றவும் இல்லை. கண்முன் உண்மை காட்டும் கருவி இருந்தும் ஓர் இளைஞர் வாளாவிருந்து மாண்டார் எனில், அவரைப் பழக்கிய முறையில் ஏதோ பெருங்குறை இருந்திருத்தல் வேண்டும்.

இந்நேர்ச்சியை ஆராய்ந்த பிரித்தானிய வாரியம் சொன்ன முடிவு உன்னிக் கேட்கத்தக்கது. கொரியர் கொரியத்தைக் கைவிடுக என்று அது கூறவில்லை. வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட பயிற்சிப் பாடங்களைக் கொரியப் பண்பாட்டிற்குப் பொருந்துமாறு திருத்தி அமைத்துக்கொள்க என்பதே அது அந்நிறுவனத்திற்குத் தந்த பரிந்துரையின் ஒரு கூறு. பாடத்தை மாணவர்க்கேற்ப மாற்றுக என்றது வாரியம். மாணவரைப் பாடத்திற்கேற்ப மாற்றுக என்று அதனைத் திரித்துக்கொண்டது ஊருலகம். ஆய்வறிக்கையைப் படித்தவர் சிலர். கிளாடுவெல்லைப் படித்தவர் பலர்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட அப்பாடம் யாது? அதன் பிறப்பிடம் எது? 1977ஆம் ஆண்டு மார்ச்சு 27ஆம் நாள் தெனரீவுத் தீவில், மூடுபனியில், ஆலந்து நாட்டுக் கே.எல்.எம். வானூர்தி ஒன்று ஓடுதளத்தில் ஊர்ந்துகொண்டிருந்த அமெரிக்கப் பான் ஆம் வானூர்தியின்மேற் பாய்ந்தது. 583 பேர் மாண்டனர். வான்போக்குவரத்து வரலாற்றில் அதனினும் பெரிய நேர்ச்சி நிகழ்ந்ததில்லை. ஓடுதளத்தில் அமெரிக்க வானூர்தி இன்னும் விலகவில்லையோ என்று ஆலந்துப் பொறியாளர் கேட்டார். தலைமை வலவர் ஒரு சொல்லால் அதனைத் தள்ளிவிட்டார், பொறியாளர் அடங்கிவிட்டார். அத்தலைமை வலவர் அந்நிறுவனத்தின் பயிற்சித் தலைவர். அருகிலிருந்த துணைவலவரைத் தேர்வு செய்து தேர்ச்சி வழங்கியவரும் அவரே. அடுத்த ஆண்டு திசம்பர் 28ஆம் நாள், அமெரிக்காவின் போர்ட்லாந்து நகருக்கு மேலே யுனைட்டெடு நிறுவனத்து வானூர்தி ஒன்று, சக்கரக் கோளாறு ஒன்றைப் பார்த்துக்கொண்டே ஏறத்தாழ ஒரு மணிநேரம் வட்டமிட்டது. எரிநெய் வற்றுகின்றது என்று பொறியாளரும் துணைவலவரும் மென்று விழுங்கிக் கூறினர். தலைமை வலவரின் உள்ளத்தில் அது படியவில்லை. எரிநெய் தீர்ந்தது, வானூர்தி வீழ்ந்தது, பதின்மர் மாண்டனர். கீழ்நிலை வலவர்க்கு உறுதியாக எடுத்துரைக்கும் பயிற்சி தருக என்று அமெரிக்க வாரியம் அதன் பின்னரே அறிவுறுத்தியது. 1979இல் நாசா அமைப்பு அதுபற்றி ஒரு கருத்தரங்கு கூட்டிற்று. 1981இல் யுனைட்டெடு நிறுவனம் முதற் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கிற்று.

ஆக, மேலோர்முன் வாய்மூடும் நோய்க்கு மருந்து கண்டதே, ஆலந்தரும் அமெரிக்கரும் அந்நோயால் மாண்ட பின்னர்தான். ஆலந்தர் வாய்மூடியபோது ஆலந்த மொழியை எவரும் பழிக்கவில்லை. அமெரிக்கர் மென்று விழுங்கியபோது ஆங்கிலத்தைக் கைவிடுமாறு எவரும் அறிவுரை கூறவில்லை. அவர்கள் தவறினால் அது மாந்தப் பிழை. கொரியர் தவறினால் அது கொரியப் பிழை!

இம்முத்திரையை அளந்து காட்டும் ஓர் அளவுகோலும் உண்டு. ஆலந்து அறிஞர் கீர்ட்டு ஒவ்சுட்டீடு என்பார் ஐ.பி.எம். நிறுவனத்துப் பணியாளரிடம் 1967 முதல் 1973 வரை எடுத்த கணிப்பைக் கொண்டு, 1980இல் ஒரு நூல் வெளியிட்டார். மேலோர்க்கும் கீழோர்க்கும் இடையிலான ஏற்றத்தாழ்வை ஒவ்வொரு நாட்டாரும் எவ்வளவிற்கு இயல்பாக ஏற்கின்றனர் என்பதற்கு அவர் எண் கொடுத்தார். ஆசியப் பணியாளரைப் பற்றிய பயிற்சிக் கையேடுகள் பெரும்பாலும் இவ்வெண்களையே மறைமொழிபோல் ஓதுகின்றன. அவ்வெண்களை ஓதுவோர் அவற்றை முழுதும் படிப்பதில்லை என்பதுதான் வேடிக்கை. கொரியாவிற்கு அவர் தந்த எண் 60. பிரான்சிற்குத் தந்தது 68. ஏற்றத்தாழ்வில் பிரெஞ்சியர் கொரியரை விஞ்சுகின்றனர். பிரெஞ்சு வலவர்கள் தம் தாய்மொழியை விட்டாலன்றி உயிர்தப்பார் என்று எவரேனும் நூல் எழுதினரா? ஒரு நிறுவனத்தின் ஊழியரைக் கேட்டு ஒரு நாட்டையே அளந்துவிட்ட அவ்வளவுகோலின் செப்பம் வேறு செய்தி. அதனை ஈண்டு விரிக்க வேண்டியதில்லை.

மொழியைப் பற்றிய பழியைத் தனியே நோக்குதல் வேண்டும். கொரியம் தமிழைப் போலவே வினைமுற்றில் முடியும் மொழி. தமிழைப் போலவே ஒட்டுநிலை மொழி. மதிப்பைக் காட்டும் ஈறு வினையின் கடைசியில் வந்து ஒட்டுகின்றது. ‘ஏறு’ என்பதற்கும் ‘ஏறுங்கள்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழர்க்கு விளக்க வேண்டியதில்லை. இரண்டாவதில் மதிப்பு கூடிற்று; ஏற வேண்டும் என்னும் கட்டளையில் ஒரு சிறிதும் குறையவில்லை. “ஐயா, முன்னே குன்று, மேலே ஏறுங்கள்” என்று ஓர் இளைஞன் கத்தினால் அதில் எங்கே தெளிவின்மை உளது? எரிநெய் வற்றுவதை மென்று விழுங்கிக் கூறிய அமெரிக்கர் பேசிய ஆங்கிலத்தில் நீ, நீர், நீங்கள் என்னும் வேறுபாடே இல்லை. மழுப்புதலும் துணிதலும் நாவிற்குப் பின்னால் நிற்கும் நெஞ்சைப் பொறுத்தன. அந்நெஞ்சைப் பழக்குவதுதான் பயிற்சி.

கொரியரிடம் சென்று அவர்தம் மொழியைக் கைவிடுமாறு சொல்வோர், அம்மக்கள் அம்மொழிக்காகப் பட்ட பாட்டையும் அறிந்திருத்தல் வேண்டும். 1910இல் சப்பான் கொரியாவை விழுங்கியது. 1938இல் பள்ளிகளில் கொரியம் கட்டாயப் பாடநிலையினின்று நீக்கப்பட்டு, பின்னர் அறவே துரத்தப்பட்டது. 1940இல் மக்கள் தம் பெயர்களையே சப்பானியப் பெயர்களாக மாற்றிக்கொள்ள நெருக்கப்பட்டனர். 1942இல் கொரிய அகரமுதலி தொகுத்துக்கொண்டிருந்த மொழிக் கழகத்தார் சிறைப்படுத்தப்பட்டனர். இருவர் சிறையிலேயே மாண்டனர். பறிக்கப்பட்ட அகரமுதலியின் கைப்படி, விடுதலைக்குப் பின்னர் 1945 செப்தம்பரில் சியோல் தொடர்வண்டி நிலையத்துக் கிடங்கொன்றில் கிடைத்தது. அதன் முதன் மடலம் 1947இல், எழுத்துத் திருநாளான அக்தோபர் 9ஆம் நாளன்று வெளிவந்தது. சிறைப்பட்டவருள் ஒருவரான சொய் இயோன் பே, விடுதலைக்குப் பின்னர்ச் சீனச் சொற்களையும் எழுத்துகளையும் களைந்து தூய கொரியத்தை நிலைநாட்ட வாழ்நாளெல்லாம் உழைத்தார். அந்நாட்டுத் தூய மொழியாளர் வானூர்திக்கு ‘நால்த்தில்’ என்றொரு சொல் இட்டனர். பறக்கும் பொறி என்பது அதன் பொருள். அதனைக் கேட்டு நகைத்தோர் அங்கும் இருந்தனர். சீனவழிச் சொல்லே வழக்கில் நின்றுவிட்டது. தமிழில் ‘வானூர்தி’ என்று எழுதியபொழுது நகைத்தவர்களை அறிந்தோர்க்கு அந்நகைப்பின் ஒலி புதிதாயிராது.

சப்பானியர் வாளைக் காட்டிச் செய்ததை இன்றைய பயிற்றுநர் வானூர்திப் பிணங்களைக் காட்டிச் செய்கின்றனர் என்றால் அது மிகையாகலாம். ஆயினும் கேட்போர் காதில் இரண்டும் ஒரே குரலாக விழக்கூடும் என்பதைப் பண்பாடு மதிக்கும் பயிற்றுநர் எண்ணிப் பார்த்தல் நன்று. 2013ஆம் ஆண்டு சூலையில் ஏசியானா என்னும் மற்றொரு கொரிய நிறுவனத்தின் வானூர்தி சான் பிரான்சிசுகோவில் இறங்கும்போது நொறுங்கி மூவர் மாண்டனர். சில நாள்களுக்குள் அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையம் ஒன்று, அவ்வலவர்களின் பெயர்கள் என்று, ஏளனப் பொருள்படப் புனையப்பட்ட பொய்ப்பெயர்களைச் செய்தியாகவே படித்தது. பின்னர்ப் பொறுத்தருள வேண்டியது. பிழைபட்டவனின் பெயரையும் மொழியையும் எள்ளலாம் என்னும் துணிவு எங்கிருந்து வந்தது என்று கேட்பாரில்லை.

ஆங்கிலமே வேண்டா என்பதன்று ஈண்டுக் கூறுவது. பல நாட்டு வானில் பறப்போர் தரையிலுள்ள கட்டுப்பாட்டாளரோடு பேச ஒரு பொதுமொழி வேண்டும். 2008 முதல் அதற்குரிய தேர்ச்சி நிலையும் உலகளாவ வகுக்கப்பட்டுள்ளது. அது கருவிமொழி. அதனைக் கற்றேயாக வேண்டும். ஆனால் வலவர் அறைக்குள், அடுத்தடுத்து அமர்ந்திருக்கும் இரு கொரியர், குன்று கண்முன் நிற்கும் மூன்று நொடிகளில், எம்மொழியில் எண்ணுவர்? எம்மொழியில் அலறுவர்? அம்மொழியில் அவர்களைப் பழக்காத பயிற்சி, அம்மூன்று நொடிகளுக்கு வெளியே நின்றுவிடும் பயிற்சியே.

கொரியன் ஏர் நிறுவனம் திருந்தியது உண்மை. 1999 திசம்பருக்குப் பின்னர் அதன் வானூர்திகளில் உயிர்க்கேடு விளைத்த நேர்ச்சி நிகழவில்லை. திருத்தம் ஆங்கிலத்தால் வந்தது என்பதற்கு என்ன சான்று? அந்நிறுவனத்தில் வான்படையிலிருந்து வந்த வலவர்கள் மிகுதி. படையிலிருந்த முன்பின் வரிசை வலவர் அறைக்குள்ளும் தொடர்ந்தது. அவ்வரிசையைப் பாராமல் தகுதியைப் பார்த்து உயர்வு தருதல், பாவனைப்பொறியில் பலவகை இறங்குமுறைகளையும் பழக்குதல், வெளியார் வந்து சரிபார்த்தல் — இவையெல்லாம் ஒரு நிறுவனத்தை எம்மொழியிலும் திருத்தும். படைவீட்டுப் பழக்கத்தைப் பண்பாடு என்று பெயரிட்டழைத்தது முதற்பிழை. அமெரிக்க டெக்சாசு பல்கலைக்கழகத்து இராபர்ட்டு எல்ம்ரைச்சு என்னும் ஆய்வாளர் ஆசுலி மெரிட்டுடன் இணைந்து பல நாட்டு வலவர்களை ஆராய்ந்து 1998இல் நூல் வெளியிட்டார். ஒரு நாட்டில் உருவான பயிற்சியை அப்படியே இன்னொரு நாட்டில் இறக்கினால் அது வேர்கொள்ளாது என்பது அவர் கண்டது. அதனோடு இன்னொன்றையும் அவர் கண்டார்: நெருக்கடியிலும் தம் அறிவு பிறழாது என்னும் செருக்கு எல்லா நாட்டு வலவர்க்கும் பொதுவாக இருந்தது. இனக் கோட்பாட்டார் இம்முற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டனர்.

வகுப்பறையிலும் இதே கதைதான். ஆங்காங்கு மாணவர் மனப்பாடப் பொறிகள் என்று மேலை ஆசிரியர் நெடுநாள் எழுதிவந்தனர். அவ்வாறாயின் அவர்கள் தேர்வுகளில் மேலை மாணவரை விஞ்சுவது எங்ஙனம் என்னும் புதிர் எழுந்தது. டேவிட் வாட்கின்சும் சான் பிக்சும் 1996இல் தொகுத்து வெளியிட்ட நூல் அப்புதிரை அவிழ்த்தது. அம்மாணவர் ஓதுதலையும் உணர்தலையும் பிரிக்கவில்லை, உணர்தற்கே ஓதினர். வகுப்பு நடுவே கைதூக்கிக் கேட்காதவர் பலர், பாடத்தை முழுதும் எண்ணியபின் ஆசிரியரைத் தனியே கண்டு கேட்டனர். சீனத்திலும் கொரியத்திலும் கல்விக்கு வழங்கும் பழஞ்சொல்லே இரண்டு எழுத்துகளால் ஆனது: ஒன்று கற்றல்; மற்றொன்று வினவுதல். வினவுதலைக் கல்வியின் பெயரிலேயே வைத்த மக்களை வினவத் தெரியாதார் என்பது எத்தகைய அறியாமை! தமிழில் நன்னூலும் வினவுதலையும், வினவியவற்றிற்கு விடையிறுத்தலையும் மாணாக்கரின் கடமைகளாகவே எண்ணி வைத்துள்ளது.

மேலோர்க்குக் கீழோர் உண்மை உரைக்கும் நெறி இம்மக்களிடம் இல்லாததன்று. பயிற்றுநர்தாம் அதனைத் தேடவில்லை. தமிழில் அதற்கு ‘இடித்துரை’ என்று ஒரு சொல்லே உண்டு. இடித்துரைக்கும் துணை இல்லாத அரசன் பகைவர் இல்லாமலேயே கெடுவான் என்பது திருக்குறளின் கருத்து. மலையமான் மக்களை யானையின் காலில் இடக் கிள்ளிவளவன் முனைந்தபோது, அவனைக் கோவூர்கிழார் நேர்நின்று தடுத்தார். மதிப்புக் குறையாத மொழியிலேயே தடுத்தார். கொரியரிடமோ இது ஆட்சியமைப்பாகவே இருந்தது. 1392இல் தோன்றிய சோசோன் அரசில், மன்னனை இடித்துரைப்பதற்கென்றே ‘சாகன்வொன்’ என்னும் அலுவலகம் ஒன்று இயங்கியது. மன்னன் தவறினால் எடுத்துரைப்பதே அங்கிருந்தோரின் தொழில். எடுத்துரையாமை அவர்க்குக் கடமைத்தவறு. இது கன்பூசியசு நெறிக்கு மாறாக எழுந்ததன்று, அந்நெறியே கட்டளையிட்டது. பெற்றோரைப் போற்றுதல் பற்றிய அந்நெறியின் நூலிலேயே, தந்தை தவறினால் மகன் எதிர்த்துரைக்க வேண்டும் என்பதற்கென ஓர் இயல் உளது.

கொரியப் பண்பாட்டிற்குப் பொருந்தப் பாடம் அமைக்குமாறு பிரித்தானிய வாரியம் சொன்னதே, அப்பாடத்தின் முதற்பக்கத்திற்கு வேண்டிய கதை அந்நாட்டு அரச ஆவணத்திலேயே ஆயத்தமாகக் கிடக்கின்றது. சோசோன் அரசில் வரலாற்றெழுத்தர் அன்றாடம் எழுதும் குறிப்புகளை மன்னன் பார்வையிடல் கூடாது என்பது நெறி. 1404ஆம் ஆண்டில் தேசோங் என்னும் மன்னன் வேட்டையில் மான் ஒன்றைத் துரத்திச் செல்லும்போது குதிரையினின்றும் கீழே விழுந்தான். எழுந்து சுற்றுமுற்றும் பார்த்து, இதனை வரலாற்றெழுத்தன் அறியவேண்டா என்றான். எழுத்தன் அறிந்தான். மன்னன் விழுந்ததை எழுதினான். அதனைத் தான் அறியலாகாது என்று மன்னன் சொன்னதையும் அடுத்த வரியிலேயே எழுதி வைத்தான்.